புதன்கிழமைக் கண்டெடுப்பும் என் வயிற்றெரிச்சலும்

என் அலுவலக மேசைக்குப் பக்கத்தில் ஒன்பது வருடமாக ஒரு நாற்காலி கிடந்தது. நீலத்துணி போட்டது, ஒரு சக்கரம் உடைந்தது, யாருக்கும் சொந்தமில்லாதது. சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் ஒரு கட்டடத்தின் ஏழாவது மாடியில் எங்கள் அலுவலகம் இருக்கிறது. பார்சல் அனுப்பும் நிறுவனம். அங்கே செர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இணையப் பக்கங்களை எழுதுபவர்கள் ஐந்தாறு பேர் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு ஏதாவது சிக்கிக்கொண்டால் எழுந்து வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்து என்னைக் கேட்பார்கள். நான் சொல்வேன். நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். சம்பளத்தைவிட எனக்கு அதுதான் பிடித்திருந்தது என்று இப்போது சொல்லிவிடலாம்.

எல்லாப் பதில்களும் என் தலைக்குள் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். உண்மையில் முக்கால்வாசி என் கணினியில் ஒரு கோப்பில் இருந்தது. பதினைந்து வருடமாக இணையத்தில் கண்ணில் பட்ட உபயோகமான பக்கங்களின் முகவரிகளையெல்லாம் அதில் சேர்த்து வைத்திருந்தேன். நானூறுக்கு மேல் இருக்கும். கோப்புக்கு 'பழைய பிரிண்டர்' என்று பெயர் வைத்திருந்தேன். யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்பதற்காகவே வைத்த பெயர். யாராவது வந்து கேட்டால், கொஞ்சம் இரு என்று சொல்லி, திரையை லேசாக என் பக்கம் திருப்பிக்கொண்டு, கோப்பைத் திறந்து, பக்கத்தைப் பார்த்து, மூடிவிட்டு, மோவாயைத் தடவியபடி பதிலைச் சொல்வேன். மோவாயைத் தடவுவது முக்கியம்.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் வேலைக்கு வந்தாள். இணையப் பக்கம் எழுதும் கூட்டத்தில் ஒருத்தி. முப்பது வயதுக்குள் இருக்கும். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம். லிட்டில் இந்தியாவில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கிறார்கள். முதல் நாளே என்னிடம் வந்து, "அண்ணே, நீங்கதான் இங்க எல்லாத்துக்கும் பதில் சொல்வீங்களாம்ல?" என்று கேட்டாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு அவளுக்கு மதியச் சாப்பாடுகூட நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அந்த நாசி பாடாங் சோற்றை நினைத்தால் இப்போதும் எனக்கு மனசு ஆறாது.

இரண்டாவது மாதத்தில் அவள் ஒரு பழக்கத்தை ஆரம்பித்தாள். எங்கள் தொழில்நுட்பப் பிரிவில் இருபத்தைந்து பேருக்கு ஒரு குரூப் உண்டு. புதன்கிழமை காலை பத்து மணிக்கு அதில் ஒரு லிங்க்கைப் போட்டு, 'புதன்கிழமைக் கண்டெடுப்பு' என்று தலைப்பும் கொடுத்து, கீழே இரண்டு வரி எழுதினாள். முதல் கண்டெடுப்பு என்ன தெரியுமா? செர்வரில் ஒரு வேலை குறித்த நேரத்தில் தானாக ஓடவேண்டுமானால் அதற்கு ஒரு வரி எழுதவேண்டும். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து இடங்கள். எண்களும் நட்சத்திரக் குறிகளுமாக இருக்கும் அந்த வரியைப் பார்த்தால் பலருக்குத் தலை சுற்றும். அதை ஒரு பெட்டியில் ஒட்டினால் 'ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை நான்கு மணிக்கு' என்று சாதாரண வார்த்தையில் சொல்லிவிடும் பக்கம் ஒன்று உண்டு. அதைத்தான் அவள் போட்டாள்.

அந்தப் பக்கம் என் 'பழைய பிரிண்டரில்' மூன்றாவது வரியில் இருந்தது. ஒன்பது வருடமாக அந்த நட்சத்திர வரிகளைப் படித்துச் சொல்லும் ஆள் நான்தான். அரைமணி நேரத்தில், பிடித்திருக்கிறது என்று பதினெட்டுக் கட்டைவிரல்கள் விழுந்தன. ஒருவன் என் மேசைக்கு வந்து, நீயும் இதைப் பார்த்துத்தான் எங்களுக்குச் சொன்னாயா என்று ஆங்கிலத்தில் கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான். நான், சே, இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது என்றேன். சொன்ன பிறகு மோவாயில் இருந்த கையை எடுத்துவிட்டேன்.

அதன்பிறகு ஒவ்வொரு புதன்கிழமையும் என் கோப்பிலிருந்து ஒரு செங்கல் உருவப்பட்டது. எழுத்தின் நிறமும் பின்னணியும் கண் மங்கியவர்களுக்குத் தெரியுமா என்று சோதிக்கும் பக்கம். எந்த பிரவுசரில் எது வேலை செய்யும் என்று பட்டியல் போட்டுக் காட்டும் பக்கம். ஒரு தளம் எல்லோருக்கும் முடங்கிவிட்டதா, எனக்கு மட்டும்தானா என்று சொல்லும் பக்கம். பாதி என்னிடம் ஏற்கெனவே இருந்தவை. மீதிப் பாதி என்னிடம் இல்லாதவை. எது அதிகம் வலித்தது என்று கேட்டால் இல்லாதவைதான். செவ்வாய்க்கிழமை சாயங்காலமே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். நாளைக்கு எதைக் கொண்டுவரப் போகிறாளோ என்று.

இதற்குப் பொறாமை என்று பெயர். நான் வேறு பெயர் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. நாற்பத்தாறு வயதில், பிடோக்கில் சொந்தமாக நான்கறை வீடும் கல்லூரிக்குப் போகும் மகளும் உள்ள ஒருவன், ஒரு பெண் போட்ட லிங்க்குக்கு எத்தனை கட்டைவிரல் விழுந்தது என்று கழிப்பறையில் உட்கார்ந்து எண்ணினான். அவளுடைய தண்ணீர்ப் போத்தலின் பச்சை நிறம்கூட எனக்குப் பிடிக்காமல் போனது. அவள் சிரிக்கும்போது, இவ்வளவு சத்தமாக எதற்குச் சிரிக்கவேண்டும் என்று தோன்றும்.

ஒரு நாள் புதிதாக வந்த பையன் என் பக்கத்து நாற்காலியைக் காட்டி, இதை யாராவது பயன்படுத்துகிறார்களா என்று கேட்டான். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் அதை இழுத்துக்கொண்டு போனான். உடைந்த சக்கரம் ஜன்னல் வரைக்கும் கிறீச் கிறீச் என்று கத்திக்கொண்டே போனது. அவள் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். அன்று சாயங்காலம் அது திரும்பி வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. பிடோக்கிலிருந்து தஞ்சோங் பகாருக்குப் போகும் பச்சை வழித்தட ரயிலில் முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வருவேன். இப்போது கைப்பேசியில் கண்டெடுப்பு தேட ஆரம்பித்தேன். எங்கெங்கோ உள்ள நிரல்காரர்கள் சண்டை போடும் தளங்கள், செர்வர்க்காரர்கள் புலம்பும் தளங்கள், எல்லாவற்றையும் அலசினேன். இரண்டு முறை இறங்கவேண்டிய நிலையத்தைத் தவறவிட்டேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. எழுத்துக் குவியலாக வரும் செர்வர் பதிவுகளைக் கொட்டினால் வரிசைப்படுத்தி, நிறம் பிரித்து, தவறு நடந்த இடத்தைச் சிவப்பில் காட்டும் அற்புதமான பக்கம். புதன்கிழமைவரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை. செவ்வாய்க்கிழமை ஒன்பதே முக்காலுக்கே குரூப்பில் போட்டுவிட்டேன்.

பத்து நிமிடம் எதுவும் இல்லை. பிறகு ஒருவர் பின் ஒருவராக எழுத ஆரம்பித்தார்கள். திறக்கவில்லை. எனக்கும் திறக்கவில்லை. 'இந்தத் தளம் அலுவலகத்தில் தடைசெய்யப்பட்டுள்ளது' என்று வருகிறது. ஒருவன் அந்தத் தடைப் பக்கத்தைப் படம் எடுத்தே போட்டிருந்தான். படத்தின் அடியில் 'உதவிக்கு அணுகவும்' என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் என் பெயர் இருந்தது. அந்தத் தடையை வைத்தவனே நான்தான். கோப்பு ஏற்றச் சொல்லும் வெளித் தளங்களையெல்லாம் மூன்று வருடங்களுக்கு முன் மொத்தமாக மூடியிருந்தேன். ரயிலில் என் கைப்பேசியில் பார்த்ததால் எனக்குத் தெரியவில்லை. அன்று எனக்கு விழுந்தவை இரண்டு கட்டைவிரல்கள். ஒன்று எங்கள் மேலாளருடையது. அவர் எதற்கும் போடுவார். இன்னொன்று அவளுடையது. மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போனதைவிட அவள் கட்டைவிரல் போட்டதுதான் என்னைக் குத்தியது.

அடுத்த நாள் அவள் கண்டெடுப்பு வந்தது. இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். ஒரு தளத்துக்குப் போனால் முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் வரும் அல்லவா? அது வருவதற்கு அந்தத் தளத்துக்கு ஒரு சான்றிதழ் இருக்கவேண்டும். அதற்குக் காலக்கெடு உண்டு. கெடு முடிவதற்குள் புதுப்பிக்காவிட்டால், வருகிறவர்கள் எல்லோருக்கும் 'இது பாதுகாப்பான தளம் அல்ல' என்று பெரிய எச்சரிக்கை காட்டும். எந்த செர்வர்க்காரனுக்கும் இதைவிட அசிங்கம் கிடையாது. சாதம் வைத்துவிட்டு அடுப்பை மறந்த மாதிரிதான். அவள் போட்ட தளத்தில் நம் முகவரியைக் கொடுத்துவிட்டால், முப்பது நாளுக்கு முன்பே, பிறகு பதினான்கு நாளுக்கு முன்பு, ஏழு நாளுக்கு முன்பு என்று மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இது என் பேட்டை. உடனே எழுதினேன். நம்மிடம் இதற்கென்று சொந்தமாக ஒரு ஸ்கிரிப்ட் ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது, நானே எழுதியது, தினமும் எல்லாச் சான்றிதழ்களின் தேதியையும் பார்த்து, கெடு நெருங்கினால் மட்டும் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும், நம் செர்வர் முகவரிகளை வெளித் தளத்தில் கொடுப்பது நல்லதல்ல, ஆகவே வேண்டாம். அவள் 'சரி அண்ணே' என்று எழுதினாள். மேலாளர் எனக்குக் கட்டைவிரல் போட்டார். அன்று எனக்குப் பதினொன்று, அவளுக்கு ஒன்பது. அன்றைக்கு வீட்டில் இரண்டு தோசை அதிகம் சாப்பிட்டேன்.

அதற்கு மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகள் தோழிகளோடு வெளியூர் போகிறாள், பெட்டி வேண்டும் என்று மனைவி லிட்டில் இந்தியாவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே நடக்கவே இடம் இருக்காது. தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு, சிராங்கூன் சாலையைக் கடந்து டன்லப் ஸ்திரீட்டுக்குள் திரும்பினோம். பயணப்பெட்டி விற்கும் கடை ஒன்றில் மனைவி நுழைந்தாள். உள்ளே பெட்டிகளுக்கு நடுவில் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணே! வாங்க வாங்க. அண்ணியா? உட்காருங்க அண்ணி. அத்தா, எங்க ஆபீஸ்ல செர்வர் பார்க்கிற அண்ணன்னு சொல்வேன்ல, இவங்கதான்."

அத்தா என்றது அவளுடைய அப்பாவை; அவர் வெள்ளைத் தொப்பியும் அரைக்கைச் சட்டையுமாகக் கல்லாவில் இருந்தார். எழுந்து கைகொடுத்தார். "தம்பி, உங்களப் பத்தி நிறைய சொல்லுவா. டீ சொல்றேன், இருங்க" என்றவர், என் வேலை என்ன என்று தெரிந்தவுடன் சொந்தக்காரனைப் பார்த்துவிட்ட மாதிரி பேச ஆரம்பித்தார். "போன ரமலான் சமயத்துல எங்க கடை வெப்சைட் ரெண்டு நாளு திறக்கல தம்பி. பாதுகாப்பு இல்லேன்னு வருதுன்னு கஸ்டமர் போன் பண்ணித்தான் தெரியும். அதுக்கப்புறம் இவகூட உட்கார்ந்து தேடி நான்தான் ஒரு சைட் கண்டுபிடிச்சேன். இப்ப முப்பது நாளைக்கு முன்னாடியே மெயில் வந்துடுது லா." கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டிக் காட்டினார்.

புதன்கிழமைக் கண்டெடுப்பைக் கண்டெடுத்தவர் பயணப்பெட்டி விற்கும் கடைக்காரர். நான் சிரித்த சிரிப்பு எப்படி இருந்திருக்கும் என்று எனக்கே தெரியும். அதற்குள் மனைவி ஒரு நீலப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து, விலையும் குறைத்து வாங்கி, அவளோடு ஒட்டிக்கொண்டுவிட்டாள். பெட்டியின் சக்கரத்தைப் பார்க்கிற சாக்கில் அவள் என்னைக் கடையின் பின்பக்கம் கூப்பிட்டாள்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. பார்சல் எங்க இருக்குன்னு கஸ்டமர் பார்க்கிற நம்ம பேஜ் இருக்குல்ல, அதோட சர்டிஃபிகேட் வர்ற புதன்கிழமை முடியுது. உங்களுக்கு மெயில் வந்திருக்கும். இருந்தாலும் சொல்லிடலாம்னு."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்த சைட்ல நான் போட்டு வச்சிருக்கேன். என் சொந்த மெயிலுக்குத்தான் வரும். எல்லாரும் பார்க்கிற முகவரிதானே அண்ணே, அதான். நீங்க வேணாம்னு சொன்னதால குரூப்ல எதுவும் போடல."

"எனக்குத் தெரியும். நாளைக்குப் பண்றதா இருந்தேன்" என்றேன். பொய். ஒரு மின்னஞ்சலும் எனக்கு வரவில்லை.

ரயிலில் மனைவி, "நல்ல பொண்ணுங்க. என்ன மரியாதை பாருங்க" என்றாள். நான் மீன் பையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்தேன். என் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒரு நாள்கூடத் தவறவில்லை. முப்பது நாளுக்கு முன்பே எச்சரிக்கை எழுதியிருந்தது. தினமும் எழுதியிருந்தது. ஆனால் எழுதியதையெல்லாம் பழைய மின்னஞ்சல் செர்வரில் இருந்த ஒரு பெட்டிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த செர்வரை ஒரு வருடத்துக்கு முன் மூடியாகிவிட்டது. மூடியவன் நான். மூடிய அன்று எல்லோருக்கும் கறிபஃப் பலகாரம் வாங்கிக் கொடுத்ததுகூட நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அலுவலகம் போய் சத்தமில்லாமல் சான்றிதழைப் புதுப்பித்தேன். அவள் ஒன்பதரைக்கு வந்தாள். வழக்கம்போல 'மார்னிங் அண்ணே' என்றாள். அவ்வளவுதான். செவ்வாய், புதன் எல்லாம் போயின. யாரிடமும் அவள் வாயைத் திறக்கவில்லை. நானாக இருந்தால் திறந்திருப்பேன். இப்படி நாசூக்காக, சிரித்த முகத்தோடு, எல்லோரும் இருக்கும்போது, 'பாவம், அவருக்கு மறந்துபோச்சு' என்று ஆரம்பித்திருப்பேன். அவள் அப்படிச் செய்திருந்தால் எனக்கு அவளை வெறுக்க ஒரு காரணம் கிடைத்திருக்கும். அதையும் கொடுக்கவில்லை. அதிலும் அவள் என்னைவிட ஒரு படி மேலே என்று ஆகிவிட்டது. அது முன்பைவிட அதிகமாக எரிந்தது.

இரண்டு வாரம் கழித்து மாதாந்தரக் கூட்டம். வெளியிலிருந்து தணிக்கைக்காரர்கள் வந்து போயிருந்தார்கள். மேலாளர் அவர்கள் அறிக்கையை எடுத்துக் காட்டினார். ஒரு சான்றிதழும் கெடு தாண்டவில்லை என்று அதில் பாராட்டி எழுதியிருந்தார்களாம். இதற்குக் காரணம் இவருடைய ஸ்கிரிப்ட், வெளித் தளம் எதுவும் வேண்டாம் என்று இவர் சொன்னது எவ்வளவு சரி பாருங்கள் என்று என்னைக் காட்டினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள். என்னைப் பார்க்காமல் தட்டியிருந்தால் பரவாயில்லை. பார்த்துத்தான் தட்டினாள், சாதாரணமாக.

அப்போது நான் சொல்லியிருக்கவேண்டும். ஒரு வாக்கியம் போதும். சொல்லவில்லை. இருபத்தைந்து பேர் என்னைப் பார்த்துக் கைதட்டி ரொம்ப நாளாகிவிட்டது. எனக்கு அது வேண்டியிருந்தது. மோவாயைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்குப் பிறகு இரண்டு பேர் மறுபடி என் மேசைக்கு வந்து கேள்வி கேட்டார்கள். நின்றுகொண்டே கேட்டார்கள், நாற்காலி இல்லாததால். நான் எதிர்பார்த்த சந்தோஷம் வரவில்லை. ஜன்னல் பக்கம் பார்வை போய்க்கொண்டே இருந்தது. என் ஸ்கிரிப்டை நான் இன்னும் சரிசெய்யவில்லை என்பதும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சரிசெய்தாலும் அடுத்த தடவை நான் எதை மூடித் தொலைப்பேனோ, யாருக்குத் தெரியும்? அந்த வெளித் தளத்தில் எல்லா முகவரிகளையும் போட்டுவிடுவதுதான் புத்திசாலித்தனம். எப்படிப் போடுவது என்று நானே கண்டுபிடித்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் செவ்வாய்க்கிழமை மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, எழுந்து ஜன்னலோரம் போனேன். அவள் மேசையிலேயே டிபன் பெட்டியைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த நீல நாற்காலியில் உட்கார்ந்தேன். ஒன்பது வருடத்தில் அதில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உடைந்த சக்கரத்தின் பக்கம் அது இவ்வளவு சாயும் என்று எனக்குத் தெரியாது.

"அந்த சர்டிஃபிகேட் சைட்ல நம்மளோடது எல்லாத்தையும் போடணும். எப்படின்னு காட்டு" என்றேன்.

ஏன் திடீரென்று மனம் மாறியது என்று கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, "என் லிஸ்ட்ல இருக்கு அண்ணே, ஒரு நிமிஷம்" என்று தன் திரையில் ஒரு பட்டியலைத் திறந்தாள். திருப்பிக்கொள்ளவில்லை. என் பக்கம் தள்ளிவைத்தாள்.

புதன்கிழமைக் கண்டெடுப்புகள் எல்லாம் அதில் இருந்தன. போட்டவை, இனிமேல் போடப்போகிறவை என்று இருநூறுக்கு மேல். முதல் கட்டத்தில் லிங்க். இரண்டாவதில் அது எதற்கு உதவும் என்று ஒரு வரி. மூன்றாவதில் ஒரு பெயர். அது என்ன பெயர் என்று கேட்டேன்.

"யாரு சொல்லித் தெரிஞ்சதுன்னு எழுதி வச்சுக்குவேன். இல்லேன்னா நானே கண்டுபிடிச்சேன்னு எனக்கே நினைப்பு வந்துடும் லா" என்று சிரித்தாள்.

சான்றிதழ் தளத்துக்கு நேரே 'அத்தா' என்று இருந்தது. நட்சத்திர வரிகளைப் படித்துச் சொல்லும் பக்கத்துக்கு நேரே அவளோடு பாலிடெக்னிக்கில் படித்த ஒருத்தியின் பெயர். என் நாற்காலியை இழுத்துக்கொண்டு போன பையன் ஏழு இடத்தில் இருந்தான். மேலாளர் இரண்டு இடத்தில். எங்கள் மாடியில் மேசை துடைக்கும் சீன அம்மாள்கூட ஒரு இடத்தில் இருந்தார். எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க அவர் கைப்பேசியில் வைத்திருந்த ஏதோ ஒன்றாம். நான் மேலிருந்து கீழே பார்த்தேன். பிறகு கீழிருந்து மேலே பார்த்தேன். என் பெயரைத் தேடுகிறேன் என்று அவளுக்குப் புரிந்திருக்கவேண்டும். டிபன் பெட்டியை மூடினாள்.

"உங்ககிட்ட கேட்டா பதில் வரும் அண்ணே" என்றாள் மெதுவாக. "எங்கேருந்து வந்துச்சுன்னு வராது. அதான் எழுத முடியல."

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அவள் அடிக்கவேண்டும் என்று சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். எழுந்து போய்விட்டால் இனிமேல் இந்தப் பக்கம் வரவே மாட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. "கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டுப் போய் என் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, அவள் மேசைமேல் வைத்து, 'பழைய பிரிண்டரை'த் திறந்தேன்.

"பிரிண்டரா?"

"பிரிண்டர் இல்ல. பாரு."

முதல் லிங்க்கைத் தட்டினேன். 'பக்கம் காணப்படவில்லை' என்று வந்தது. இரண்டாவதைத் தட்டினேன். யாரோ அந்த முகவரியை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போட்டிருந்தார்கள். மூன்றாவது, அந்த நட்சத்திர வரிப் பக்கம், அது இருந்தது. அது அவளிடம் ஏற்கெனவே உண்டு. நான்காவது இல்லை. ஐந்தாவது இல்லை. அடிக்கடி பார்க்கிற பத்துப் பதினைந்தைத் தவிர மற்றவற்றைத் திறந்து பல வருடமாகியிருந்தது. யாரும் எடுத்துவிடக் கூடாது என்று பூட்டிப் பூட்டி வைத்திருந்தேன். உள்ளே ஒவ்வொன்றாகச் செத்துப்போனது எனக்கே தெரியவில்லை. ஓர் இடத்தில் அவள், "ஐயோ, இந்த சைட்டா? பாலிடெக்னிக்ல இதப் பார்த்துத்தான் நான் பாஸ் ஆனேன். இப்ப இல்லையா?" என்று நிஜமாகவே வருத்தப்பட்டாள். உயிரோடு இருப்பவையெல்லாம் அவள் பட்டியலில் ஏற்கெனவே இருந்தன. நான் வேகவேகமாகத் தட்டிக்கொண்டே போனேன். ஒன்றாவது என்னுடையதாக இருக்கட்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன்.

நூற்று முப்பதுக்குமேல் தட்டியிருப்பேன். ஒன்று திறந்தது. எந்த ஊரோ தெரியாத ஒரு கிழவர் எழுதியது. அலங்காரம் இல்லாத வெள்ளைப் பக்கம். ஒரு செர்வரை மூடுவதற்கு முன்னால் என்னென்ன பார்க்கவேண்டும் என்று வரிசையாக எழுதியிருந்தார். நான்காவது வரி: 'இதற்கு இன்னும் யார் கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்.' நானே சேர்த்துவைத்த பக்கம்தான். செர்வரை மூடிய அன்று திறந்து பார்க்கவில்லை. கறிபஃப் வாங்கப் போய்விட்டேன்.

அவள் அதை முழுதாகப் படித்தாள். "அருமையா இருக்கு அண்ணே. நாளைக்கு இதையே போட்டுடுறேன்" என்றாள். பட்டியலில் புது வரி சேர்த்து, மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். "உங்க பேரு போடவா, 'அண்ணன்'னு போடவா?"

"பேரைப் போடு" என்றேன். அண்ணன் என்றால் யாரை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம்.

மறுநாள் பத்து மணிக்கு அது குரூப்பில் வந்தது. என் பெயரோடு. அதன் கீழே நான் எழுத ஆரம்பித்தேன். மூன்று முறை அழித்தேன். நான்காவது முறை இப்படி வந்தது: நான் இந்தப் பக்கத்தைப் படிக்காமல் பழைய மின்னஞ்சல் செர்வரை மூடினேன், அதனால் என் ஸ்கிரிப்டின் எச்சரிக்கைகள் ஒரு வருடமாக யாருக்கும் வரவில்லை, பார்சல் பக்கத்தின் சான்றிதழ் முடியப்போவதைக் கண்டுபிடித்துச் சொன்னது இவள், கூட்டத்தில் கைதட்டியபோது நான் சொல்லவில்லை, அந்தக் கைதட்டல் இவளுக்கு வரவேண்டியது. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன்.

அரைமணி நேரம் போயிற்று. பிறகு மேலாளர் நேரே என் மேசைக்கு வந்தார். உட்கார நாற்காலியைத் தேடினார், இல்லை. நின்றபடியே, இதுபோல வேறு எதெல்லாம் மூடிய பெட்டிக்கு எழுதிக்கொண்டிருக்கிறது என்று கேட்டார். தெரியாது என்றேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஒன்பது வருடத்தில் அந்த மேசையிலிருந்து யாரிடமும் நான் தெரியாது என்று சொன்னதில்லை. பிறகு ஜன்னல் பக்கம் கைகாட்டி, அவளையும் சேர்த்துக்கொண்டு பார், வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் எழுந்து வந்தாள். வரும்போது அந்த நாற்காலியையும் இழுத்துக்கொண்டு வந்தாள். கிறீச் கிறீச் என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி. "எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம் அண்ணே?" என்று கேட்டு உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் என்று சொல்லி, அவளுக்குத் தெரியாமல் கைப்பேசியை எடுத்து குரூப்பைப் பார்த்தேன். அவளுடைய போன வாரக் கண்டெடுப்புக்குப் பத்தொன்பது கட்டைவிரல்கள் இருந்தன. என்னுடையதற்கு இருபது. அதில் ஒன்று நானே போட்டது.